போட்டதை அழிக்காத தரகர்

இதை எழுதப் பதினைந்து வருடங்களுக்கு மேல் தயங்கியிருக்கிறேன். கொப்பியை எடுத்து இரண்டு வரி எழுதுவேன். பிறகு சுவாமி அறையில் விளக்குக் கொளுத்தும் சாக்கில் எழுந்துபோய் விடுவேன். போன மாதம் அந்த மனிதர் காலமானார். அவருடைய மகள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அப்பாட பதினாறாம் நாளுக்குச் சின்னப் புத்தகம் ஒண்ணு அடிக்கிறோம். நீங்கதான் அவரோட ரொம்ப நாள் வேலை செஞ்சீங்க. ரெண்டு வரி எழுதித் தாங்க" என்று கேட்டாள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அந்த இரண்டு வரி என் கையால் வரவில்லை. வந்தது இதுதான். அவர் பெயரை எழுதமாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தை இறக்கிவைக்கச் சொல்லிப் பிள்ளையாரிடம் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். அவர் இறக்கித் தரவில்லை.

எங்களுக்குக் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கம்யூனிகேஷன் கடை இருந்தது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். ஒரு டெலிபோன், ஒரு போட்டோ கொப்பி மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். மெஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு, கம்ப்யூட்டர் என் பொறுப்பு. நான் ஓ.எல். பரீட்சையில் கணக்குத் தவறியவள். ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் தட்டுவேன். அர்த்தம் பாதி புரியும், பாதி புரியாது.

காலமான அந்த மனிதர் வீடு, காணித் தரகர். வீட்டு விளம்பரம் போடுகிற இணையத்தளங்கள் அப்போதுதான் நாட்டில் தலைகாட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் போட்டால் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. இதிலே சும்மா. கண்டியில் வேறு தரகர்கள் அதை எட்டிப் பார்க்கும் முன்பே இவர் ஐந்து தளங்களில் கணக்குத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட். எல்லாமே முருகனுடைய பெயர்கள். அவற்றை ஒரு நீலக் கொப்பியில் எழுதி, கொப்பியை இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் செருகி வைத்திருப்பார்.

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார். வேட்டி கிடையாது, மடிப்புக் கலையாத கால்சட்டை, நெற்றியில் திருநீறு. கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். ஒரே வீடு ஐந்து தளத்திலும் ஐந்து விதமாக இருக்கும். கொழும்பு ஆட்கள் பார்க்கிற தளத்தில் "குளிர்ந்த காற்று" என்று வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்கிறதில் "தலதா மாளிகைக்குப் பத்து நிமிடம்". அதே பத்து நிமிடம் இன்னொரு தளத்தில் ஐந்து நிமிடமாகிவிடும். சாமான் போடுகிற அறையையும் சேர்த்து ஒரு தளத்தில் நான்கு அறை, மற்றதில் மூன்று.

"என்னா அண்ணே, ஒரே வீடு ஒரு எடத்துல வளருது, ஒரு எடத்துல சுருங்குதே" என்று கேட்டால், "ஒவ்வொரு சைட்டுக்கும் ஒவ்வொரு சட்ட போட்டு அனுப்பணும் தங்கச்சி. கல்யாணத்துக்குப் போற சட்டையோட செத்த வீட்டுக்குப் போவியா?" என்பார். என் வீட்டுக்காரர் மெஷினுக்குப் பின்னால் நின்று சிரிப்பார். நாங்கள் அவரோடு சிரித்த நாட்கள் நிறைய. அதையும் மறைக்கக் கூடாது.

அவருக்கென்று ஆபீஸ் கிடையாது. எல்லா விளம்பரத்திலும் எங்கள் கடை நம்பரைத்தான் கொடுப்பார். போன் கோல் வந்தால் நான் எழுதி வைப்பேன். விளம்பரத்தின் அடியில், போட்டவர் யார் என்ற இடத்தில் மட்டும் அவர் பெயர் இருக்கும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. போட்ட விளம்பரத்தை அழிக்கவே மாட்டார்.

பிலிமத்தலாவையில் ஒரு வீடு. அவர்தான் வாடகைக்குக் கொடுத்தார். ஆள் குடிவந்து இரண்டு வருடமாகியும் விளம்பரம் அப்படியே இருந்தது. போட்டோ நன்றாக விழுந்திருந்ததால் அதைப் பார்த்து எங்கெங்கிருந்தோ கூப்பிடுவார்கள். "ஐயோ, காலையிலதானே போச்சு! பரவால்ல, வாங்க, அத விட நல்லது ஒண்ணு இருக்கு" என்பார். இரண்டு வருடமாக அந்த வீடு ஒவ்வொரு நாளும் காலையில் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு நாள் ஒரு சிங்களப் பையன் வந்தான். அவன் அம்மா விற்கக் கொடுத்த வீடு, அம்மா இறந்துவிட்டார். இப்போதும் ஆட்கள் போன் செய்து அம்மாவைக் கேட்கிறார்கள் என்று சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. தரகர் அவன் தோளில் கை வைத்து, "எடுத்துர்றேன் புத்தே, இப்பவே எடுத்துர்றேன்" என்று சிங்களத்தில் ஆறுதல் சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெலைக்குப் பின்னால ஒரு சைபரப் போடு தங்கச்சி. அஞ்சு சைட்லயும் போடு" என்றார்.

"அழிச்சிரலாமே அண்ணே?"

"ஒரு சைபர் போட்டா ஒருத்தனும் கூப்புட மாட்டான். அழிக்கிறது மட்டும் வேணாம். போட்டத அழிச்சா கை ராசி போயிரும்."

ராசி மட்டும்தான் காரணமா என்று நான் ஒரு முறை குடைந்து கேட்டேன். அப்போதுதான் சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய அப்பாவின் சாப்பாட்டுக் கடையை எரித்தார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது கடை இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லையாம். பக்கத்துக் கடைச் சுவரை வைத்து அடி அளந்து கண்டுபிடித்தார்களாம். "எங்களுது எல்லாத்தையும் ஒருக்கா அழிச்சிட்டானுக தங்கச்சி. என் கையால நான் எதையும் அழிக்கமாட்டேன்." அன்றைக்கு எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்தது. கோயிலில் அர்ச்சனை செய்யும்போது என் அண்ணன்மார் பெயரோடு அவர் பெயரையும் சொல்லியிருக்கிறேன். பிள்ளையார் அறிவார்.

யுத்தம் மறுபடியும் மூண்டு, சோதனைச் சாவடிகள் கூடி, வடக்கிலிருந்து வருகிற தமிழரை எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்த சமயம். ஒரு நாள் வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளோடு ஊருக்குப் போன் பேச எங்கள் கடைக்கு வந்தார். மகளுக்குப் பதினான்கு வயது, இருதயத்தில் ஓட்டை. கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம். அதுவரை கிளினிக்குக்கு வந்துபோக ஓர் அறை வேண்டும். தரகர் அங்கேயேதான் இருந்தார். எங்கள் போனை எடுத்து எட்டு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "வவுனியான்னு சொன்னவொடனே எட்டு வீட்லயும் வெள்ளையடிக்கிறாங்களாம் தங்கச்சி. கண்டியே ஒரே வெள்ளையாயிருச்சு." பிறகு மெதுவாக, "உங்க முன் ரூம் சும்மாதானே கெடக்கு?" என்றார்.

நாங்களும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரி ஒரு சிங்கள நோனா, நல்ல மனுசிதான். அவரிடம் கேட்டோம், சரி என்றார். வீட்டில் தங்குகிறவர்களைப் பற்றிப் பொலிஸில் கொடுக்க வேண்டிய படிவத்தையும் என் வீட்டுக்காரர் முறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். தரகுக் காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "கோயில் உண்டியல்ல போட்டுரு" என்று சொல்லிவிட்டார் அவர்.

அந்தத் தாய் வந்த அன்றே, "பிள்ளை, நாங்கள் உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டம். ஒப்பரேசன் முடிய ஊருக்குப் போயிடுவம்" என்றார். மகள் என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். "அன்ரி, நீங்கள் கதைக்கிறது படத்தில கதைக்கிற மாதிரிக் கிடக்கு. திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ, 'போறோம், வாறோம்' எண்டு." நான் வேண்டுமென்றே இன்னும் இழுத்துச் சொல்லுவேன். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். தாய் அதட்டுவார்.

பத்து நாள் போயிருக்கும். கடைப் போனில் விசித்திரமான கோல்கள் வரத் தொடங்கின. "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வாறம், உங்கட வீட்டில அறை இருக்கோ?" மன்னாரிலிருந்து ஒருவர். மட்டக்களப்பிலிருந்து ஒருவர். எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கேட் படம் அதில் இருந்தது! நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தன் ஒற்றை விரலால் தானே தட்டிப் போட்டிருக்கிறார். வடக்கு கிழக்குக் குடும்பங்களுக்கு அறை, ஆஸ்பத்திரிக்கு அருகில், என்று.

மறுநாள் காலை அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னா அண்ணே இது? எங்க வீட்ட யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"ஒரு புண்ணியந்தானே தங்கச்சி. அந்தப் புள்ள போனதும் ரூம் சும்மா கெடக்கப் போகுது. எத்தன பேரு எடமில்லாம அலையுறாங்க பாத்தியா?"

"புண்ணியத்த உங்க வீட்டுல வச்சிச் செய்யுங்க. இப்ப என் கண்ணு முன்னால அழிங்க."

அவர் முகம் சுருங்கியது. மவுஸை எடுத்தார். விலையை மாற்றினார். மாத வாடகை ஒன்றரை லட்சம். "அஞ்சு சைட்லயும் மாத்திட்டேன். இனி ஈ, காக்கா கூப்புடாது. போதுமா?" கோல் நின்றுவிட்டது உண்மை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

ஐந்தாவது தளத்தில் அவர் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார். "பொலிஸ் பதிவை நாங்களே பார்த்துக்கொள்வோம்." சட்டை மாற்றிப் போடுகிறாராம்! அந்தத் தளத்தை நான் திறந்து பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். கையில் அந்த விளம்பரத்தின் ஒரு பக்கம். எங்கள் கேட், எங்கள் கடை நம்பர், ஒன்றரை லட்சம், பொலிஸ் பதிவு பற்றிய அந்த வரி. அவர்களில் அதிகாரியாக இருந்தவர் அமைதியாகத்தான் கேட்டார்.

"ஒரு அறைக்கு ஒன்றரை லட்சம். பதிவையும் நீயே பார்த்துக்கொள்வாய். இவ்வளவு காசு கொடுத்து இங்கே ஒளிகிறவன் யார்?"

என் வீட்டுக்காரர் பாதிச் சிங்களத்தில் சொன்னார்: "சேர், அது யாரும் வரக்கூடாதுன்னு போட்ட வெல சேர்."

பொலிஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு நேரமென்றால் நானும் சிரித்திருப்பேன். யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரரையும், அந்தத் தாயையும், மகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை என் கையிலிருந்த தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஒப்பரேஷனுக்கு இன்னும் ஆறு நாள்.

நான் ஆட்டோ பிடித்துத் தரகர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்டேஷனுக்கு வாங்க அண்ணே. இது நான் போட்ட விளம்பரம், அவங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்."

கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். "அழாத தங்கச்சி. நீ முன்னால போ. நான் சட்டைய மாத்திக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்."

போனேன். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்தேன். பதினொரு மணி, பன்னிரண்டு, இரண்டு மணி. கந்த சஷ்டி கவசத்தை எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அவர் வரவில்லை.

கோயில் தர்மகர்த்தா ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதில் மேல் பாதிதான் இருக்கிறது. போட்டவர் பெயர் கீழே வரும் என்கிறீர்களே, அந்தப் பக்கத்தை முழுதாக அச்செடுத்து வாருங்கள். அது போதும்."

எனக்கு உயிர் வந்தது. அழிக்காத மனிதர் அல்லவா? மூன்று வருட விளம்பரமும் அவர் பெயரோடு அப்படியே கிடக்குமே! கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் திறக்கிற நேரத்துக்குள் பிரிண்டருக்குப் பேப்பரும் வைத்துவிட்டேன். முதல் தளம். எங்கள் வீடு இல்லை. இரண்டாவது. இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. வேறு வீடுகளைத் தேடினேன். பிலிமத்தலாவை வீடு இல்லை. இறந்துபோன அம்மாவின் வீடு இல்லை. அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்படி ஒருவர் எதையும் போட்டதே இல்லை என்று வந்தது.

பிறகுதான் தெரிந்தது. அன்று காலையில், நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், வேறு ஒரு கடையில் உட்கார்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட விளம்பரங்களையும் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்.

வெறும் கையோடு திரும்பிப் போனேன். "எங்கேயம்மா உன் தரகர்? இன்டர்நெட்டிலும் இல்லையா?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

என் வீட்டுக்காரரை ஒன்பதாம் நாள் விட்டார்கள். வெளியே வந்தவர் பழைய ஆள் இல்லை. தாயையும் மகளையும் மூன்றாம் நாளே வவுனியா பஸ்ஸில் ஏற்றி, கண்டிப் பக்கம் திரும்ப வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்தத் தாய் ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு வன்னியில் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆஸ்பத்திரி கொடுத்த நாள் வந்தது, போனது. அந்தப் பிள்ளை இருக்கிறாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கூப்பிடுவார்கள் என்று அந்தக் கடை நம்பரை மாற்றாமல் வைத்திருந்தோம். கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல் அவர் கடைக்கு வந்தார். திருநீறு, மடிப்பான கால்சட்டை, கையில் ஒரு பை திராட்சை. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எப்படிங்க வர மனசு வந்துச்சு?" என்றேன். அண்ணே என்று வாயில் வரவில்லை.

அவர் குனிந்தபடியே பேசினார். "என்னைய உள்ள போட்டா யாரு தங்கச்சி வருவா? ஒன் புருசனுக்குக் கோயில் ஆளுக வந்தாங்க, வக்கீல் வந்தாரு. எனக்கு யாரு இருக்கா? மூணும் பொம்பளப் புள்ள. எரிஞ்ச எடத்த ஒரு தரம் பாத்தவன் நான். இன்னொரு தரம் பாக்க என்னால ஏலாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஒரு விரற்கடை குறையவில்லை. பயந்தேன் என்று ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். வரமாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நான் வேறு வழி தேடியிருப்பேன். பெயர் இருந்த பக்கத்தையாவது காலையிலேயே அச்செடுத்திருப்பேன். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாரே, அதை நான் என்னவென்று மன்னிப்பேன்?

பிறகு வந்த வேலையைச் சொன்னார். பொலிஸ் ஜீப் வந்து நின்றதிலிருந்து நோனாவுக்குப் பயம். எங்களை வீடு மாறச் சொல்லியிருந்தார். அந்த வீட்டை வாடகைக்கு விட இவரிடமே கொடுத்திருக்கிறார். புதுக் கணக்குத் திறந்து, ஐந்து தளத்திலும் போட வேண்டுமாம். நாங்கள் இன்னும் குடியிருக்கிற வீடு. அடுப்பில் சோறு வேகிற வீடு.

ஒரு துண்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். மூன்று அறை, தண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரிக்கு அருகில். கடைசியில் ஒரு வரி: சிங்களக் குடும்பங்களுக்கு மட்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ விளம்பரங்களில் இருந்த வரிதான்.

"இது நோனா சொன்னதா, நீங்க போட்டதா?"

"அவங்க வாயால சொல்லல. ஆனா அதத்தான் விரும்புவாங்க. கேக்காமலே போட்டுட்டா நமக்கும் கரைச்சல் இல்ல பாரு."

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்தத் திராட்சைப் பையை நடுரோட்டில் வீச வேண்டும்போல் இருந்தது. மெஷினுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த பிறகு அவர் பேசுவதே குறைவு.

"தட்டிக் குடு. சண்ட வேணாம். தட்டிக் குடுத்து அனுப்பு."

தட்டினேன்.

ஐந்து தளத்திலும் தட்டினேன். நான் குடியிருந்த வீட்டுக்கு நானே வரக்கூடாது என்று, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், ஐந்து தடவை தட்டினேன்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கேட்கிறேன், தயவுசெய்து சொல்லுங்கள். வவுனியாப் பக்கம் யாராவது அந்தத் தாயையும் மகளையும் அறிந்தவர்கள் காதில் விழட்டும். சொல்லும்போது எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவரை அரக்கனாக்காதீர்கள், எட்டு வீட்டுக்குப் போன் செய்தவரும் அவர்தான். அவரை நல்லவராக்கிப் புத்தகத்திலும் போடாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு, கடைசியில் நான் தட்டியதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லவும் வேண்டாம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.